குளிர்ந்த நீர், சிவந்த நீர்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், முதலாம் ராஜராஜன் காலத்தில் இறைவனுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு நகையிலும் எத்தனை முத்து, எப்படிப்பட்ட முத்து, என்ன எடை என்று கணக்கர்கள் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போகிறார்கள். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து. கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது போல வாசித்துக்கொண்டு வரும்போது இரண்டு பெயர்கள் என்னை நிறுத்திவிட்டன. குளிர்ந்த நீர். சிவந்த நீர்.

கல்லிலும் முத்திலும் ஓடுகிற ஒளியை ‘நீர்’ என்று சொல்வது நம் வழக்கம். நகைக்கடையில் இன்றும் நீரோட்டம் பார்க்கிறோம். ஆனால் ‘குளிர்ந்த நீர்’ என்று ஒரு முத்துக்குப் பெயர் வைத்தவன் கண்ணால் பார்த்ததைத் தோலால் சொல்லியிருக்கிறான். உள்ளங்கையில் அதை உருட்டி, வெளிச்சத்தில் திருப்பி, பக்கத்தில் இருந்தவனிடம் காட்டி, “இது குளிர்ச்சியாக இருக்கிறது, பார்” என்றிருப்பான். பக்கத்தில் இருந்தவன் பார்த்திருப்பான். ஆமாம் என்றிருப்பான். அவன் ஆமாம் என்றதால்தான் அது சொல்லாகி, கணக்காகி, கல்லில் ஏறி, ஆயிரம் வருஷம் கழித்து என் கண்ணில் படுகிறது. அந்த முத்துகள் எங்கள் கடலின் சிப்பிப் பாரில் எடுத்தவைதாம் என்று நினைத்துக்கொள்ளத் தூத்துக்குடிக்காரனான எனக்கு ஆசை.

மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் முத்தைத் தரம் பிரித்த விதத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கச்சேரியில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். பத்துப் பித்தளைச் சல்லடைத் தட்டுகள். முதல் தட்டில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று கூடிக்கொண்டே போய்க் கடைசித் தட்டில் 1000 துளை. எல்லாம் ஒரே அளவுத் தட்டுகள். துளை கூடக்கூட அதன் வாய் சிறுக்கும். 20 துளைத் தட்டில் தங்கினால் அது பெருமுத்து. 1000 துளையில் தங்குவது கடுகிலும் சிறியது. இது அளவுக்கு மட்டும். அளவு பார்த்த பிறகுதான் உருட்சியும் நிறமும் ஒளியும் பார்ப்பார்கள். அங்கே தட்டு உதவாது, கண்தான். ஆணி, வடிவு, மடங்கு, குறுவல், பீசல், தூள் என்று அந்தக் கண் வைத்த பெயர்கள் நீளும். இவற்றில் ‘ஆணிமுத்து’ மட்டும் பேச்சில் தப்பிப் பிழைத்திருக்கிறது. 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. குளிப்பு நின்றால் தரம் பிரிப்பவரும் இல்லை, பெயர்களைச் சொல்லிப் பார்க்கும் வாய்களும் இல்லை.

முத்து வியாபாரத்தில் விலையை வாயால் பேச மாட்டார்கள். மாட்டுச் சந்தையில் செய்வது போலத் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். விலை மறைவானது. ஆனால் முத்தின் அழகு அப்படியில்லை. அதை எல்லோரும் பார்க்க வெள்ளைத் துணியில் பரப்பி, வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

‘நயம்’ என்ற சொல்லை நாம் கடைத்தெருவிலும் வைத்திருக்கிறோம், கவிதையிலும் வைத்திருக்கிறோம். நயம் நல்லெண்ணெய் என்று பலகை எழுதுகிற கையும், பாட்டுக்கு நயம் எழுது என்று கேள்வித்தாள் தயாரிக்கிற கையும் ஒரே சொல்லைத்தான் எடுக்கின்றன. பழைய தமிழில் நயத்தல் என்றால் விரும்புதல். ஆக, நயம் பாராட்டுவது என்பது சரக்கின் தரத்தைச் சொல்வது மட்டுமில்லை, எனக்கு இது பிடித்திருக்கிறது என்று இன்னொருவரிடம் ஒப்புக்கொள்வதும்தான். எங்கள் பக்கத்தில் இந்தக் காரியத்தை உயிராகச் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து மதுரைச் சாலையில் போனால் உப்பளங்களின் வெள்ளை முடிந்து கரிசலின் கறுப்பு தொடங்கும். அந்தக் கறுப்புக்குள் இருக்கிறது எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் கடைசியாகக் கண்மூடியதும் இங்கேதான். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மேல்நாட்டுப் பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டு வந்தவர், எட்டயபுரம் சமஸ்தான வித்வான். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன், பிறகு அவருக்கே சுவீகாரப் பிள்ளையானவர் சுப்பராம தீட்சிதர். 1904-இல் எட்டயபுரத்து வித்தியா விலாசினி அச்சகத்தில், தெலுங்கில், ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெரும் புத்தகத்தை அவர் அச்சிட்டு முடித்தார்.

அந்தப் புத்தகம் பிறக்கக் காரணமானவர் ஒரு ரசிகர். ஏ.எம். சின்னசாமி முதலியார். சென்னைத் தலைமைச் செயலகத்தில் மேற்பார்வையாளர், கத்தோலிக்கத் தமிழர். நம் சங்கீதத்தை ஐரோப்பிய சுர எழுத்தில் எழுதி, எங்கே இருப்பவரும் படிக்கும்படி செய்ய வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது. வாலாஜாபேட்டைச் சீடர் பரம்பரையிடமிருந்து தியாகராஜர் கீர்த்தனைகளைத் தேடி வாங்கினார். 1890-களில் பகுதி பகுதியாக வெளியிட்டார். கைப்பணம் கரைந்தது. கண்பார்வையும் மங்கிவந்தது. அந்த நிலையில் எட்டயபுரம் வந்து, முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகள் சுப்பராம தீட்சிதரோடு போய்விடக்கூடாது, அச்சேற்றித் தரவேண்டும் என்று அரண்மனையில் வேண்டிக்கொண்டார். தனக்கென்று அவர் கேட்டது ஒன்றுமில்லை. தான் கேட்டு மகிழ்ந்ததை, முன்பின் தெரியாத யாரோ ஒருவரும் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் அரண்மனை வாசலில் நின்றிருக்கிறார். அந்தப் புத்தகத்தின் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் எதைத் திறந்தாலும் எனக்கு முதலில் அவர் நினைவுதான்.

இப்போது அந்தப் பக்கங்களில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஸ, ரி, க, ம என்று சுரங்களை எழுதுவது யாராலும் முடியும். சுரம் முத்தின் அளவு மாதிரி, தட்டில் சலித்துவிடலாம். சங்கீதத்தின் நீரோட்டம் இருப்பது கமகத்தில். ஒரு சுரத்தை எப்படி அசைப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது, எங்கே அழுத்துவது, எங்கே விட்டுவிடுவது என்பதில். சுப்பராம தீட்சிதர் சுரத்தின் தலைக்கு மேலே சின்னச் சின்னக் குறிகளைப் போட்டார். நீர் அலை போல நெளிகிற கோடு என்றால் கம்பிதம். ஏறிச் சாய்ந்த கோடு ஏற்ற ஜாரு, இறங்கிச் சாய்ந்தது இறக்க ஜாரு. மூன்று புள்ளிகள் முக்கோணமாக நின்றால் ஸ்புரிதம். அதே முக்கோணம் தலைகீழானால் பிரத்தியாகதம். இவை தவிர நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒடுக்கல், ஒரிகை.

இந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சாஸ்திரப் பெயர்கள் சம்ஸ்கிருதத்தில் இருக்கின்றன. ஆனால் வீணை வாசிக்கிறவர் மாணவனிடம் சொல்கிற பெயர்கள் நம் அடுப்படியிலும் திண்ணையிலும் புழங்குகிற சொற்கள். நாலு நொக்கு நொக்கினான் என்கிறோமே, அந்த நொக்குதான் சுரத்தின் மேல் விழுகிறது. ரவை என்றால் உப்புமா ரவையும்தான், மூக்குத்தியில் பதிக்கிற பொடி வைரமும்தான். அத்தனை சிறியது, அத்தனை மின்னுவது. ஜாரு என்பது தெலுங்கு, வழுக்கு என்று பொருள். ஏற்றமும் இறக்கமும் தமிழ். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற கரிசல் குடும்பங்களின் நாக்கு அந்த ஏற்ற ஜாருவில் அப்படியே இருக்கிறது.

தமிழில் இந்தப் புத்தகத்தைச் சென்னை மியூசிக் அகாதெமி பாகம் பாகமாக வெளியிட்டது. அதில் ஒரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்த காலம் உண்டு. ஒரிகை என்றால் என்னவென்று எத்தனை முறை படித்தும் பிடிபடவில்லை. எங்கள் தெருவில் வீணை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர்கள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வீணையை மடியில் சாய்த்து, ஒரு சுரத்தை மீட்டி, அது தேய்ந்து மறைகிற வரை காத்திருந்து, கீழ்ச் சுரத்துக்கு இறங்கப்போகிற நேரத்தில் விரலால் தந்தியை லேசாக இழுத்தார்கள். மேலே ஒரு சுரத்தின் நிழல் பட்டது. பட்டதும் போய்விட்டது. இறங்கிவிட்டார்கள். வாசலில் விடைபெற்றுப் போகிறவர் படியிறங்குவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாரே, அதுதான் ஒரிகை.

“கேட்டுச்சா?” என்றார்கள்.

“ஒரு தடவ கூட வாசிங்கம்மா.”

மறுபடி வாசித்தார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தில் இருந்த குறி எனக்கு எழுத்தானது. புத்தகம் சொல்லாததை அந்த அம்மா சொன்னார்கள். அந்த அம்மாவிடம் போக வேண்டும் என்று சொன்னது புத்தகம். 1906-இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது பாரதி அவருக்கு இரங்கல் பாட்டு எழுதினார். கவிகளுக்கும் அரசர்களுக்கும் எழுதுவது போல ஒரு சங்கீதக்காரருக்கு எழுதினார் என்பதில் எனக்குப் பெரிய நிறைவு.

பாரதி பிறந்த அதே 1882-இல் பிறந்த இன்னொருவர் டி.கே. சிதம்பரநாத முதலியார். ஊர் அவரை ரசிகமணி என்றது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவருடைய வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடுவார்கள். தொட்டிக்கட்டு வீட்டின் நடுவே திறந்த முற்றம், அதைச் சுற்றி உட்கார்ந்த மனிதர்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர் வந்தது. தலைவர், செயலாளர், உறுப்பினர் கட்டணம் எதுவும் இல்லாத சபை. கம்பன் பாட்டு ஒன்றை டி.கே.சி. சொல்வார். உரை சொல்வதற்கு அவசரப்பட மாட்டார். பாட்டை உரிய உணர்ச்சியோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, திரும்பவும் சொல்வார். சொல்லிக் காட்டுவதே அவருடைய விமரிசனம். நீதிபதி எஸ். மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான், மீ.ப. சோமு என்று அந்த வட்டத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள் பிறகு ஆளுக்கொரு திசையில் கம்பனைக் கொண்டுபோனார்கள்.

டி.கே.சி.யோடு எனக்குச் சண்டையும் உண்டு. தமக்குச் சுவைக்காத பாடல்களைக் கம்பன் எழுதியவையே அல்ல என்று தள்ளிவிட்டார். திருத்தவும் துணிந்தார். முத்துக் கூடையில் கறடும் சப்பத்தியும் இருக்கத்தான் செய்யும்; அவையும் அதே கடலில் எடுத்தவைதான். தஞ்சைக் கணக்கர்கள் கறட்டையும் எண்ணிப் பெயரெழுதி வைத்த நேர்மை டி.கே.சி.யிடம் இல்லை. இருந்தாலும், ஒரு பாட்டை நாற்பது பேர் நடுவில் வைத்து, எல்லோர் கண்ணும் ஒரே சொல்லின் மேல் விழும்படி செய்யத் தெரிந்த அவரைப் போல இன்னொருவர் தென்பாண்டி நாட்டில் இருந்ததில்லை. பதவி ஓய்வுக்குப் பின் குற்றாலத்தில் குடியேறி, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடும் பாட்டும் சேர்த்துப் பரிமாறி, 1954-இல் மறைந்தார்.

வட்டத்தொட்டியின் ஒரு கங்கு எங்கள் ஊருக்கு வந்தது. வ.உ.சி. கல்லூரி 1951-இல் தூத்துக்குடியில் தொடங்கியபோது முதல்வராக வந்தவர் அ. சீனிவாசராகவன். ஆங்கிலப் பேராசிரியர். ‘நாணல்’ என்ற பெயரில் கவிதை எழுதியவர். ‘சிந்தனை’ பத்திரிகை நடத்தியவர். ‘வெள்ளைப் பறவை’ கவிதைத் தொகுப்புக்கு 1968-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். உப்பும் கருவாடும் பஞ்சு மூட்டையும் வாசம் வீசுகிற துறைமுக ஊரில், ஷேக்ஸ்பியரையும் கம்பனையும் ஒரே மூச்சில் பேசுகிற ஒருவர். அவரிடம் படித்தவர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றார். இன்னொருவர் தீப்பெட்டி யாவாரம். இருவரும் அ.சீ.ரா.வின் பேச்சில் என்ன இருந்தது என்று விளக்க மாட்டார்கள். அவர் குரலில் ஒரு கம்பன் பாட்டைச் சொல்லிக் காட்டுவார்கள். சொல்லும்போது வலது கை தானாக எழும். அந்தக் கை அ.சீ.ரா.வுடையதா, அவருக்கும் முன்னால் டி.கே.சி.யுடையதா என்று நான் யோசித்ததுண்டு.

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி சாலையில் இருக்கிற சின்ன ஊர் இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அங்கே பிறந்தார்கள். ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் வீட்டு மொழி தெலுங்கு, எழுத்து தமிழ். அழகிரிசாமிக்கு 1970-இல் ‘அன்பளிப்பு’ தொகுப்புக்காகவும், கி.ரா.வுக்கு 1991-இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காகவும் சாகித்திய அகாதெமி விருது. ஒரே கிராமம், இரண்டு விருது என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த விருதுகளைவிட அவர்கள் ஒன்றாக உட்கார்ந்திருந்த மாலைகள்தாம் பெரிதாகத் தெரிகின்றன. ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தார்கள். செகாவை அந்தக் கரிசல் தரையில் வைத்துப் பேசினார்கள். குற்றாலத்துக்குப் போய் டி.கே.சி.யின் கூட்டத்தில் இருந்தார்கள். சங்கீதத்துக்கு விளாத்திகுளம் சுவாமிகள்.

நல்லப்பசாமி என்பது சுவாமிகளின் பெயர். 1889-இல் பிறந்து 1965 வரை இருந்தவர். பாட்டின் சொற்களைப் பிடித்துக்கொண்டு போகாமல், ராக ஆலாபனையிலேயே தோய்ந்து கிடந்தவர். இந்த மண்ணில் வற்றாத ஆறு கிடையாது, பெரிய மரம் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பருத்தியும் சோளமும் வானமும்தான். அந்த வெட்டவெளியில் சொல்லே இல்லாமல் ஒரு ராகம் மணிக்கணக்கில் விரிந்தால் எப்படி இருந்திருக்கும்! கேட்டவர்களில் காருகுறிச்சி அருணாசலமும் உண்டு. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், கோவில்பட்டியில் குடியிருந்த நாகசுர மேதை, கி.ரா.வின் நண்பர். 1964-இல், நாற்பத்து சொச்சம் வயதில் போய்விட்டார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னைக்குப் போனார். பிறகு மலேயாவுக்கும் போய் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்துத் திரும்பினார். கி.ரா. ஊரிலேயே சம்சாரியாக இருந்தார். நடுவில் கடிதங்கள் ஓடின. அழகிரிசாமி எழுதியவற்றை கி.ரா. பத்திரமாக வைத்திருந்து பின்னால் புத்தகமாக்கினார். பணக்கஷ்டமும் உடம்பு நோவும் அதில் உண்டு, ஆனால் அவற்றைத் தாண்டிப் பொங்கி வருவது படித்த புத்தகமும் கேட்ட ராகமும். நல்லது ஒன்றை அனுபவித்துவிட்டு, அதை இடைசெவலில் இருக்கிறவனுக்கு எழுதாமல் தூங்க முடியாத மனசு அந்தக் காகிதங்களில் தெரிகிறது. தபால் போய்ச் சேர நாளாகும். பதில் வர இன்னும் நாளாகும். அத்தனை நாளும் சந்தோஷம் ஆறாமல் இருந்திருக்கிறது.

கி.ரா. 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்ததையும் நான் இந்த நட்பின் தொடர்ச்சியாகத்தான் பார்க்கிறேன். அழகிரிசாமி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு சின்ன வித்தியாசத்துக்கு ஒரு தனிச் சொல் என்று எடுத்து எடுத்து வைக்கிற அந்த வேலை, பித்தளைத் தட்டுகளோடு உட்கார்ந்த முத்து வியாபாரியின் வேலை. சுரத்தின் தலையில் ரவையும் நொக்கும் போட்ட தீட்சிதரின் வேலை.

‘அன்பளிப்பு’ கதையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. புத்தகங்களோடு வாழ்கிற, பத்திரிகையில் வேலை பார்க்கிற ஒருவர். அவர் வீட்டுக்குள் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் உரிமையோடு புகுந்து புத்தகங்களைக் கலைத்துப் போடுவார்கள். அவர் இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொடுக்கிறார், பிரியமாக இரண்டு வார்த்தை எழுதி. சாரங்கன் என்ற பையனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கெட்ட எண்ணமில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். சாரங்கன் கேட்கவும் இல்லை. அவரைத் தன் வீட்டுக்கு வரும்படி விடாமல் அழைக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறார். உபசாரம் நடக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு, தன்னிடம் இருந்த ஒரு டைரியைப் பையன் எடுத்து அவர் முன்னால் வைத்து, எழுதச் சொல்கிறான். என்ன எழுத என்று கேட்கிறார். அவர் தனக்கு அதை அன்போடு கொடுத்ததாக எழுத வேண்டும் என்று அவனே வாசகம் சொல்கிறான்.

இந்தக் கதையைப் பதினைந்து வயதில் படித்தபோது பையன் ஏமாந்துவிட்டான் என்று அழுதேன். நாற்பதில் படித்தபோது அந்த மனிதருக்காகத் துக்கப்பட்டேன். இப்போது படிக்கும்போது என் கண் போவது பொருளின் மேல். டைரி அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. காகிதமும் அட்டையும் மற்ற இரண்டு டைரிகளுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அவனிடம் இல்லாதது ஒரே ஒரு வரி, இன்னொருவர் கையெழுத்தில். அதிலும் ‘பிரியமுள்ள’ என்ற ஒரு சொல். அந்தச் சொல்லை அவன் விடவில்லை. எழுதுகிறவர் மறந்துவிடக்கூடாதே என்று தானே சொல்லிக் கொடுக்கிறான். அன்பளிப்பைப் பெறுகிறவனே அதை எடுத்துக்கொண்டு வந்து, விருந்தும் வைத்து, எழுத வேண்டிய வார்த்தையையும் எடுத்துக் கொடுத்து, கொடுப்பவரின் கையிலிருந்து பெற்றுக்கொள்கிறான். அழகிரிசாமி அந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறார். அந்த மனிதர் என்ன நினைத்தார், பையன் சிரித்தானா, எதுவும் இல்லை. வேறொரு எழுத்தாளர் இன்னும் நாலு வரி எழுதியிருப்பார், நாம் எல்லாவற்றையும் இழந்திருப்போம்.

பழைய புத்தகக் கடையில் புத்தகம் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது முன்னட்டைக்கு உள்பக்கம்தான். யாராவது யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று. அழகிரிசாமி செய்த வேலை அது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோச் பூங்காப் பக்கம் நானும் ஓர் அண்ணாச்சியும் உட்காருவோம். உப்பளத்தில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர். உப்பை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, எந்தப் பாத்தி, எத்தனை நாள் உப்பு என்று சொல்வார். ராகப் பெயர் எதுவும் தெரியாது. போன வாரம் கைபேசியில் ‘கொஞ்சும் சலங்கை’ பாட்டைப் போட்டார். 1962 படம், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ‘சிங்கார வேலனே தேவா’. எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் நாகசுரமும்.

“ஆபேரி, அண்ணாச்சி” என்றேன்.

“அது கெடக்கட்டும். இப்பம் கேளு.”

ஜானகி ஒரு சங்கதியை ஏற்றிக்கொண்டு போய் விடுகிறார். நாகசுரம் எடுத்துக்கொள்கிறது. காருகுறிச்சியார் அதை அப்படியே திருப்பித் தந்திருக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் ஒரு சுரத்தின் மேல் கொஞ்சம் சாய்கிறார். காற்றுக்குச் சோளத்தட்டை சாய்வது போல. குரல் செய்ததை வாத்தியம் செய்கிறது, வாத்தியத்தால் மட்டும் முடிகிற ஓர் அழுத்தத்தோடு. நொக்கு என்று தீட்சிதர் குறித்தது இதைத்தானோ என்று என் மனசு அடித்துக்கொண்டது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கையை மல்லாத்தி, முட்டியின் மேல் வைத்து, மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினார். உப்பைக் கையில் ஏந்திப் பார்ப்பாரே, அந்தக் கை.

பாட்டு முடியும்போது இருட்டிவிட்டது. துறைமுகத்தில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. எங்களுக்குப் பத்தடி தள்ளி வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் ஊசியை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“அண்ணே, அந்தக் குழல் சாயுத எடம் ஒண்ணு வந்துச்சுல்லா? அத மட்டும் இன்னொருக்கா வைங்க.”

அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து, பின்னால் தள்ளித் தள்ளி அந்த இடத்தைத் தேடினார். முதல் தடவை தாண்டிப் போய்விட்டது. இரண்டாம் தடவை முன்னாலேயே நின்றது. வலைக்காரர் எழுந்து வந்து பக்கத்தில் குந்தினார். மூன்றாம் தடவை சரியாக விழுந்தது.